குண்டின் வேகத்தை எதைக்கொண்டு அளப்பது?

கடலூர் தேவனாம்பட்டினத்தில், கெடிலம் ஆறு கடலைச் சேரும் இடத்துக்கு அருகே, புனித டேவிட் கோட்டையின் எஞ்சிய சுவர்கள் இருக்கின்றன. 1751ஆம் ஆண்டு ஜூலை மாதம் அந்தக் கோட்டையில் பெஞ்சமின் ராபின்ஸ் என்ற ஆங்கிலேயர் காய்ச்சல் கண்டு இறந்தார். கிழக்கிந்தியக் கம்பெனி தன் கோட்டைகளைப் பலப்படுத்துவதற்காகத் தலைமைப் பொறியாளராக நியமித்து அனுப்பியவர் அவர். வந்து சேர்ந்து ஏறத்தாழ ஓராண்டுதான் ஆகியிருந்தது. கடலூர்க்காரர்களிலேயே பலருக்கு இந்தப் பெயர் தெரியாது. ஆனால் துப்பாக்கியிலிருந்து புறப்படும் குண்டு எவ்வளவு வேகத்தில் போகிறது என்பதை நம்பத்தக்க விதத்தில் முதலில் அளந்து காட்டியவர் இவர்தான். இன்று சுடுதளங்களில் வைக்கப்படும் குரோனோகிராஃப் கருவிகள் எல்லாமே அவர் தொடங்கிவைத்த வேலையின் தொடர்ச்சி.

ராபின்ஸ் காலத்தில் மில்லிவினாடியை அளக்கும் கடிகாரம் கிடையாது. அதனால் அவர் நேரத்தை அளக்க முயலவே இல்லை. கனமான மரக்கட்டை ஒன்றை ஊசல்போலத் தொங்கவிட்டு அதன்மேல் சுட்டார். குண்டு கட்டைக்குள் புதைந்ததும் இரண்டும் சேர்ந்து பின்னோக்கி ஆடும். எவ்வளவு தூரம் ஆடியது என்பதைக் கட்டையோடு இணைத்த நாடா காட்டிவிடும். உந்தம் அழியாது என்ற விதி இங்கே கைகொடுக்கிறது. 38 கிராம் எடையுள்ள குண்டு வினாடிக்கு 500 மீட்டர் வேகத்தில் வந்து 25 கிலோ கட்டையில் புதைந்தால், கட்டை வினாடிக்கு முக்கால் மீட்டர் வேகத்தில்தான் நகரத் தொடங்கும். கண்ணால் பார்த்து, அளவுகோலால் அளக்கக்கூடிய வேகம் அது. அதிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டால் குண்டின் வேகம் கிடைத்துவிடும். 1742இல் வெளிவந்த தம் நூலில் அவர் சொன்ன மஸ்கட் குண்டின் வேகம் வினாடிக்கு 1,600 முதல் 1,700 அடி வரை. நம் கணக்கில் ஏறத்தாழ 500 மீட்டர்.

அந்த எண்ணைவிட, அதை வைத்து அவர் கண்டுபிடித்ததுதான் பெரிது. ஊசலைத் துப்பாக்கிக்கு அருகே வைத்தும் தள்ளி வைத்தும் சுட்டுப் பார்த்தார். இடையில் குண்டு இழந்த வேகம், அன்றைய பீரங்கி நூல்கள் நம்பியிருந்ததைவிடப் பல மடங்கு அதிகமாக இருந்தது. கலிலியோ காலத்திலிருந்து பீரங்கிக் குண்டின் பாதையைப் பரவளையமாக வரைந்துகொண்டிருந்தார்கள். காற்று பெரிதாக எதுவும் செய்துவிடாது என்பது அதன் அடிப்படை. ராபின்ஸின் மரக்கட்டை அந்த நம்பிக்கையை உடைத்தது. ஒலியின் வேகத்தை நெருங்கும்போது காற்றுத்தடை திடீரென ஏறுகிறது என்பதையும் அவர் கவனித்துப் பதிவு செய்தார். ஒலியின் வேகத்தைத் தாண்டும் விமானங்களைக் கட்டியவர்கள் இருநூறு ஆண்டுகளுக்குப் பின்னர் மல்லுக்கட்டிய பிரச்சினை இது. மாபெரும் கணிதமேதை ஆய்லர் 1745இல் ராபின்ஸின் நூலை ஜெர்மனில் மொழிபெயர்த்து, தம் விரிவான விளக்கங்களையும் சேர்த்து வெளியிட்டார்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் மின்சாரம் வந்ததும் நேரத்தையே அளக்கலாம் என்றாயிற்று. 1860களில் பெல்ஜியப் பீரங்கிப்படை அதிகாரி லெ பூலாஞ்சே செய்த கருவி நெடுங்காலம் புழக்கத்தில் இருந்தது. குண்டு முதல் கம்பியை அறுத்ததும் மின்காந்தம் பிடித்திருந்த நீண்ட தண்டு விழத் தொடங்கும். இரண்டாவது கம்பியை அறுத்ததும் குட்டைத் தண்டு விழுந்து ஒரு கத்தியை விடுவிக்கும். விழுந்துகொண்டிருக்கும் நீண்ட தண்டில் அந்தக் கத்தி ஒரு வெட்டைப் பதிக்கும். வெட்டு விழுந்த இடம் நேரத்தைச் சொல்லும். புவியீர்ப்பையே கடிகாரமாக்கிய அந்த யோசனையின் அழகு எனக்கு இன்றும் வியப்பூட்டுகிறது.

இன்று சட்டைப்பைக்குள் போய்விடும் கருவி, ஷாட் முடிந்த கணத்தில் தசமப் புள்ளியோடு வேகத்தைக் காட்டிவிடுகிறது. ஆகவே எதை வாங்குவது என்ற கேள்வி விலையையும் பிராண்டையும் சுற்றியே நடக்கிறது. அதற்கு முன்னால் கேட்க வேண்டியது வேறொன்று: உங்கள் துப்பாக்கியும் தோட்டாவும் இயல்பாகவே காட்டும் வேக ஏற்ற இறக்கத்தைவிடக் கருவியின் தடுமாற்றம் சிறியதா? சிறியதாக இல்லாவிட்டால், திரையில் தெரியும் எண் தோட்டாவைப் பற்றிப் பேசவில்லை, தன்னைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறது.

இதைக் கணக்காகவே பார்த்துவிடலாம். ஒரே பெட்டியிலிருந்து எடுத்த தோட்டாக்கள்கூட ஒரே வேகத்தில் போவதில்லை. சராசரியிலிருந்து எவ்வளவு சிதறுகின்றன என்பதைத் திட்ட விலக்கம் என்ற அளவால் சொல்கிறோம். நல்ல ரைஃபிள் தோட்டா ஒன்றின் சராசரி வேகம் வினாடிக்கு 800 மீட்டர், திட்ட விலக்கம் 3 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். கருவிக்கும் தனியாக 4 மீட்டர் தடுமாற்றம் இருக்கிறது. இரண்டும் ஒன்றோடொன்று தொடர்பில்லாதவை என்பதால் அவை நேராகக் கூடுவதில்லை, வர்க்கங்களாகக் கூடுகின்றன. ஒன்பதும் பதினாறும் இருபத்தைந்து. அதன் வர்க்கமூலம் ஐந்து. உண்மையில் 3 மீட்டர் சிதறும் அருமையான தோட்டா, திரையில் 5 மீட்டர் சிதறுவதாகத் தெரியும். அதை ஒதுக்கிவிட்டு வேறொன்றைத் தேடிப் போவீர்கள். கருவியின் தடுமாற்றம் அரை மீட்டராக இருந்தால் திரையில் 3.04 என்று வரும். அந்த வித்தியாசத்தை யாரும் பொருட்படுத்த வேண்டியதில்லை.

அந்த 4 மீட்டர் தடுமாற்றம் எங்கிருந்து வருகிறது? பல ஆண்டுகளாகப் பெரும்பாலோர் கையில் இருந்தவை ஒளித்திரைக் கருவிகள். முன்னும் பின்னும் இரண்டு ஒளி உணரிகள், அவற்றுக்கு மேலே வானம். குண்டு முதல் உணரியின் மேல் கடக்கும்போது அதன் நிழல் விழ, கடிகாரம் ஓடத் தொடங்கும். இரண்டாவதைக் கடக்கும்போது நிற்கும். உணரிகளுக்கு இடையே இரண்டடி, அதாவது 61 சென்டிமீட்டர் என்றால், 800 மீட்டர் வேகக் குண்டு அதைக் கடக்க 762 மைக்ரோவினாடி போதும். இவ்வளவு சிறிய நேரத்தை எப்படிச் சரியாக அளப்பது என்றுதான் எல்லோரும் கவலைப்படுகிறார்கள். உண்மையில் கடிகாரம் சிக்கலே இல்லை. மைக்ரோவினாடியை எண்ணும் மின்னணுக் கடிகாரம் மலிவானது. அதில் ஒரு மைக்ரோவினாடி பிசகினாலும் வேகத்தில் 1 மீட்டர்தான் பிசகும்.

சிக்கல் அந்த 61 சென்டிமீட்டரில் இருக்கிறது. உணரி சரியாக எந்த நொடியில் விழித்துக்கொள்கிறது? குண்டின் மூக்கு கடந்தபோதா, நடுப்பகுதி கடந்தபோதா? வானத்தின் ஒளி, குண்டு போகும் உயரம், குண்டின் பளபளப்பு, உணரியின் உணர்திறன் எல்லாம் அதைத் தீர்மானிக்கின்றன. முதல் உணரி சற்று முன்பும் இரண்டாவது சற்றுப் பின்பும் விழித்தால், குண்டு கடந்த தூரம் நாம் நினைப்பதைவிட 3 மில்லிமீட்டர் மாறிவிடும். 61 சென்டிமீட்டரில் 3 மில்லிமீட்டர் என்பது அரை சதவீதம். 800இல் அரை சதவீதம் 4 மீட்டர். இடைவெளியை இரண்டு மடங்காக்கினால் அதே 3 மில்லிமீட்டர் 2 மீட்டர் பிழையாகச் சுருங்கும். நான்கு மடங்காக்கினால் 1 மீட்டர். எனவே ஒளித்திரைக் கருவி வாங்குபவர் முதலில் பார்க்க வேண்டியது உணரிகளின் இடைவெளியை. மடித்துப் பைக்குள் வைக்கலாம் என்ற வசதிக்காக இடைவெளியைக் குறைத்துச் செய்த கருவிகளின் பலவீனமும் அங்கேதான்.

வெயில் இந்தக் கருவிகளுக்குப் பெரிய எதிரி. மேகமூட்டமான சீரான வானம்தான் இவற்றுக்கு ஏற்றது. உச்சிவெயிலில் உணரிக்கு மேல் வெள்ளை பிளாஸ்டிக் கூரையைப் பொருத்தி ஒளியைப் பரப்ப வேண்டும். மாலை வெயில் சாய்வாக விழுந்தால் குண்டின் அடிப்பக்கம் மின்னி நிழலே விழாமல் போகலாம். உள்ளரங்கில் பழைய டியூப்லைட் எரிந்தால் அது வினாடிக்கு 100 முறை மினுக்குவதையும் உணரி நிழல் என்று எண்ணிக்கொள்ளும். அதற்கு அகச்சிவப்பு விளக்குகள் பொருத்திய சட்டகம் தேவை.

இன்னொரு பொறி இருக்கிறது. இதில் மாட்டியவர்கள் ஏராளம். .22 போட்டித் தோட்டாவின் வேகம் வினாடிக்கு ஏறத்தாழ 325 மீட்டர். ஒலியின் வேகம் நம் ஊர் வெப்பத்தில் 345 மீட்டருக்கு மேல். அதாவது குழல்வாயில் எழும் வெடிப்பலை குண்டை முந்திக்கொண்டு போகும். உணரியை முதலில் எழுப்புவது அந்த அலையாக இருந்தால், திரை காட்டுவது ஒலியின் வேகத்தை. சுட்ட தோட்டாக்கள் எல்லாமே 345ஐ ஒட்டிய எண்ணைக் காட்டினால் தோட்டா சிறப்பாக இருக்கிறது என்று மகிழக் கூடாது. கருவியை இன்னும் தள்ளி வைக்க வேண்டும், குழல்வாய்க்கும் கருவிக்கும் நடுவே துளையிட்ட பலகை ஒன்றை நிறுத்த வேண்டும். வேகமான ரைஃபிள்களுக்கும் 3 முதல் 5 மீட்டர் இடைவெளி விடுவது வழக்கம். அப்படி விட்டால் திரையில் வருவது குழல்வாய் வேகம் ஆகாது. அந்தத் தொலைவில் உள்ள வேகம். .308 குண்டு முதல் 3 மீட்டரில் ஏறத்தாழ 2 மீட்டர் வேகத்தை இழந்துவிடும். எண்ணை எழுதும்போது தொலைவையும் சேர்த்து எழுதாதவர்களின் குறிப்பேடு பிறகு யாருக்கும் உதவாது.

ஒளித்திரைக் கருவிகளில் என் மனம் கவர்ந்தது அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்து ஓலர் நிறுவனத்தின் 35பி. அதில் மூன்று உணரிகள். முதலுக்கும் மூன்றாவதுக்கும் இடையே ஒரு வேகம், முதலுக்கும் இரண்டாவதுக்கும் இடையே இன்னொரு வேகம். ஒரே குண்டு, இரண்டு அளவுகள். இரண்டும் ஒத்துப்போனால் நம்பலாம். விலகினால் அந்த ஷாட்டைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. கருவி தன் பதிலைத் தானே சரிபார்த்துக்கொண்டு, சந்தேகம் வந்தால் அதையும் நம்மிடம் சொல்கிறது. அளவைக் கருவி எதுவாக இருந்தாலும் இதைவிட நல்ல குணம் அதற்கு வேண்டியதில்லை என்பேன். பின்னால் வந்த பல மலிவான கருவிகள் ஒற்றை எண்ணை உறுதியாகக் காட்டி, சந்தேகத்தை மறைத்துவிட்டன.

ஒளியின் தொல்லையே வேண்டாம் என்று வந்தது மின்காந்த வகை. மேக்னெட்டோஸ்பீட் கருவி இதற்கு நன்கு தெரிந்த உதாரணம். துப்பாக்கிமுனைக் கத்திபோல் நீண்ட தட்டு ஒன்றைக் குழலின் நுனியில் வாரால் இறுக்கிக் கட்டுகிறார்கள். உலோகக் குண்டு அதன் மேல் கடக்கும்போது காந்தப்புலம் கலைகிறது. இரண்டு இடங்களில் அந்தக் கலைவை உணர்ந்து நேரத்தைக் கணக்கிடுகிறது. வெயில், மழை, இருட்டு எதுவும் பாதிக்காது. குழல்வாயிலேயே அளப்பதால் தொலைவுத் திருத்தமும் வேண்டாம். ஆனால் குழலின் நுனியில் புதிதாக ஓர் எடை ஏறிவிட்டது. சுடும்போது குழல் அதிரும் விதம் மாறுகிறது. குண்டு விழும் இடமும் குவியும் அளவும் மாறுகின்றன. வேகத்தையும் துல்லியத்தையும் ஒரே நேரத்தில் சோதிக்க முடியாது. தோட்டாவும் சுடுதள நேரமும் தாராளமாகக் கிடைப்பவர்களுக்கு இது குறையில்லை. ஒவ்வொரு தோட்டாவையும் எண்ணிச் செலவழிக்கும் நம் ஊர்ப் போட்டியாளர்களுக்கு இது பெரிய குறை.

மூன்றாவது வகை ரேடார். கிரிக்கெட்டில் பந்துவீச்சின் வேகத்தைக் காட்டும் ஸ்பீட் கன் எந்தத் தத்துவத்தில் இயங்குகிறதோ அதே டாப்ளர் தத்துவம்தான். பெரும்பாலும் 24 கிகாஹெர்ட்ஸ் அலையைக் குண்டின் பின்னால் அனுப்புகிறார்கள். விலகி ஓடும் குண்டில் பட்டுத் திரும்பும் அலையின் அதிர்வெண் சற்றுக் குறைந்திருக்கும். 800 மீட்டர் வேகக் குண்டுக்கு அந்த வித்தியாசம் வினாடிக்கு 1,28,000 அதிர்வுகள். வேகம் 1 மீட்டர் மாறினால் 160 அதிர்வுகள் மாறும். அதிர்வெண்ணை எண்ணுவதில் மின்னணுவியல் கைதேர்ந்தது. அதனால்தான் இவை 0.1 சதவீதத் துல்லியத்தை உறுதியளிக்க முடிகிறது. உணரிகளின் இடைவெளி என்ற பிரச்சினையே இங்கே இல்லை. குண்டு பறக்கும்போது தொடர்ந்து பல முறை அளந்து, அந்தப் புள்ளிகளின் போக்கைப் பின்னோக்கி நீட்டிக் குழல்வாய் வேகத்தைக் கணக்கிடுகிறது கருவி.

கனடாவிலிருந்து வந்த லேப்ரேடார் இந்த வகையைச் சாதாரண மனிதர் வாங்கக்கூடிய விலைக்குக் கொண்டுவந்தது. அதற்கு முன் ராணுவச் சோதனைத் தளங்களிலும் தொழிற்சாலைகளிலும்தான் டாப்ளர் ரேடார் இருந்தது. பல தொலைவுகளில் வேகத்தைத் தருவதால், குண்டு காற்றில் எப்படித் தளர்கிறது என்பதையும் கண்டறியலாம். இரண்டு இடங்களில் ஊசலைத் தொங்கவிட்டு ராபின்ஸ் தேடிய விடை, இன்று ஒற்றை ஷாட்டில் கிடைக்கிறது. ஆனால் அதை இலக்கை நோக்கிச் சரியாகக் குறிவைத்து வைக்க வேண்டும். வெடிச்சத்தத்தைக் கேட்டு விழித்துக்கொள்வதால் பக்கத்து மேசைக்காரர் சுட்டாலும் விழித்துக்கொள்ளக்கூடும்; சத்தம் குறைந்த ஏர் ரைஃபிளுக்குத் தனி மைக் தேவைப்படும். 2023 இறுதியில் கார்மின் நிறுவனம் ஜீரோ சி1 ப்ரோ என்ற உள்ளங்கை அளவுக் கருவியை 600 டாலர் விலையில் கொண்டுவந்தது. துப்பாக்கிக்குப் பக்கத்தில் வைத்து, பொத்தானை அழுத்தினால் போதும். வினாடிக்கு 100 அடியிலிருந்து 5,000 அடி வரை அளக்கும். அம்பு முதல் ரைஃபிள் வரை எல்லாம் அதற்குள் அடங்கும். லேப்ரேடார்போலத் தொலைவு வாரியான வேகத்தைத் தராது. குழல்வாய் வேகம் மட்டுமே. அதன் பிறகு வேறு நிறுவனங்களும் விலை குறைந்த ரேடார்களோடு வந்துவிட்டன. ஒளித்திரைக் கருவியின் காலம் இத்தோடு ஏறக்குறைய முடிந்துவிட்டது என்பதே என் கணிப்பு.

ரேடாருக்கு இன்னொரு சிறப்பு உண்டு. விளம்பரங்கள் இதைப் பெரிதாகச் சொல்வதில்லை. ஒளித்திரைக் கருவியைக் குழலுக்கு முன்னால் போய் நிறுத்த வேண்டும். அதற்காகச் சுடுதளத்தில் எல்லோரும் சுடுவதை நிறுத்தி, துப்பாக்கிகளைத் திறந்து வைத்து, அனுமதி பெற்றுத்தான் ஒருவர் முன்னே செல்லலாம். கருவி சற்றே சாய்ந்தாலும் மறுபடியும் அதே சடங்கு. ரேடாரை மேசையிலேயே வைத்துவிடலாம். சுடும் கோட்டை யாரும் தாண்ட வேண்டியதில்லை. பலரும் வரிசையாக நின்று பயிற்சி செய்யும் சங்கங்களில் இது பாதுகாப்பு சம்பந்தப்பட்ட விஷயம்.

இவ்வளவு துல்லியம் எதற்கு என்று கேட்கலாம். 50 மீட்டர் ரைஃபிள் போட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். 325 மீட்டர் வேகத்தில் புறப்படும் .22 குண்டு இலக்கைச் சேர்வதற்குள் ஏறத்தாழ 12 சென்டிமீட்டர் தாழ்ந்துவிடும். வேகம் 3 மீட்டர் குறைந்தால் இன்னும் 2.3 மில்லிமீட்டர் தாழும். பத்து மதிப்பெண் வட்டத்தின் விட்டமோ 10.4 மில்லிமீட்டர்தான். பிரிட்டனின் ஈலி போன்ற நிறுவனங்கள் போட்டித் தோட்டாப் பெட்டியில் அந்த லாட்டின் (தயாரிப்புத் தொகுதியின்) வேகத்தையே அச்சிட்டுத் தருவது இதனால்தான்.

10 மீட்டர் ஏர் ரைஃபிளில் இது இன்னும் நுணுக்கமாகிறது. கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் டோக்கியோ, பாரிஸ் ஒலிம்பிக் போட்டிகளில் நமக்காகக் களமிறங்கியது இந்தப் பிரிவில்தான். இலக்கின் நடுவில் இருக்கும் பத்து மதிப்பெண் புள்ளியின் விட்டம் அரை மில்லிமீட்டர். பெல்லட் எனப்படும் அதன் சிறு குண்டின் வேகம் வினாடிக்கு 170 மீட்டரை ஒட்டியது. பத்து மீட்டரைக் கடக்க ஏறத்தாழ 62 மில்லிவினாடி ஆகும். அதற்குள் 18 மில்லிமீட்டர் தாழ்ந்துவிடும். வேகத்தில் 3 மீட்டர் மாறினால் விழும் இடம் 0.6 மில்லிமீட்டர் மாறும். தகுதிச்சுற்றில் தசமப் புள்ளியில் மதிப்பெண் போடுகிறார்கள், 0.25 மில்லிமீட்டருக்கு 0.1 மதிப்பெண். ஒழுங்கற்ற துப்பாக்கி ஒன்று, வீரர் எந்தத் தவறும் செய்யாமலே, ஒவ்வொரு ஷாட்டிலும் 0.2 மதிப்பெண் வரை தின்றுவிட முடியும். 60 ஷாட் முடிவில் ஒரு புள்ளியின் சிறு பகுதியில் இடம் தவறுகிற விளையாட்டு இது. காற்றழுத்த உருளையில் அழுத்தம் எந்த அளவுக்குக் கீழே இறங்கும்போது வேகம் விழத் தொடங்குகிறது, நெடுநேரம் சும்மா வைத்திருந்த துப்பாக்கியின் முதல் ஷாட் மட்டும் வேகமாகப் போகிறதா என்பதையெல்லாம் குரோனோகிராஃப் இல்லாமல் அறிய வழியில்லை.

ஏர் ரைஃபிள் வைத்திருப்போருக்கு வேகம் சட்டத்தோடும் தொடர்புடையது. இந்தியாவின் 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி 4.5 மில்லிமீட்டர் விட்டத்தையும் 20 ஜூல் ஆற்றலையும் தாண்டாத காற்றுத் துப்பாக்கிக்கு உரிமம் வேண்டாம். ஜெர்மனியில் அந்த எல்லை 7.5 ஜூல், போட்டி ரைஃபிள்கள் 170 மீட்டரை ஒட்டி நிற்பதும் இதையொட்டியே. ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 0.53 கிராம் பெல்லட் 20 ஜூலை எட்ட 275 மீட்டர் வேகம் போதும். கருவி வேகத்தில் 1 சதவீதம் பிசகினால் ஆற்றலில் 2 சதவீதம் பிசகும். எல்லையை ஒட்டிய துப்பாக்கி வைத்திருப்பவருக்கு, ஷாட்டுக்கு ஷாட் ஒத்துப்போகும் கருவி மட்டும் போதாது. அது காட்டும் சராசரியும் மெய்யாக இருக்க வேண்டும். தோட்டாக்களை ஒப்பிட மட்டும் விரும்புபவருக்கு இந்தக் கவலை இல்லை. கருவி எப்போதும் அரை சதவீதம் கூட்டியே காட்டினாலும் இரண்டு பெட்டிகளையும் அதே அளவு கூட்டித்தான் காட்டும், ஒப்பீடு கெடாது.

ரேடார் வாங்க வசதியில்லாத ஏர் ரைஃபிள் பயிற்சியாளர்களுக்கு இரண்டு வழிகள் உண்டு. குழல்வாயில் பொருத்தும் சிறு குழாய் வடிவக் கருவிகள் மலிவாகக் கிடைக்கின்றன. உள்ளே அகச்சிவப்புக் கதிர் இரண்டு இடங்களில் குறுக்கே ஓடும். வெளியொளி உள்ளே புகாததால் வெயில் தொல்லை இல்லை. இடைவெளி குறுகியது என்பதால் நுண்ணிய ஒப்பீட்டுக்கு ஆகாது. அழுத்தம் குறைவதையும் துப்பாக்கி கெட்டுப்போவதையும் கண்டுபிடிக்கப் போதும். இன்னொரு வழிக்கு ஒரு கைபேசியே போதுமானது. பத்து மீட்டர் தளத்தின் சரியாக நடுவில், சுடும் பாதையிலிருந்து நன்றாக விலக்கி, கைபேசியை வைத்து ஒலியைப் பதிவு செய்யுங்கள். சுட்ட சத்தமும் பெல்லட் தகட்டில் மோதும் சத்தமும் கைபேசியை அடைய ஒரே தொலைவைக் கடக்கின்றன. எனவே ஒலி பயணிக்க ஆகும் நேரம் தானாகவே கழிந்துவிடுகிறது. இரண்டு சத்தங்களுக்கும் இடையே உள்ள நேரம்தான் பெல்லட் பறந்த நேரம். ஒலிப்பதிவு வினாடிக்கு 44,100 முறை மாதிரி எடுப்பதால் 62 மில்லிவினாடியைத் துல்லியமாகவே பிரித்துப் பார்க்கலாம். கிடைப்பது பத்து மீட்டருக்கான சராசரி வேகம், குழல்வாய் வேகம் அல்ல; பெல்லட் ஒவ்வொரு மீட்டருக்கும் ஏறத்தாழ 2 மீட்டர் வேகத்தை இழப்பதால் சராசரி 160 மீட்டரை ஒட்டி வரும். பள்ளி, கல்லூரி அணிகளின் பயிற்சியாளர்கள் மாணவர்களைக் கொண்டே இதைச் செய்து பார்க்க வைக்கலாம். இயற்பியல் பாடமும் துப்பாக்கிப் பரிசோதனையும் ஒன்றாக நடந்துவிடும்.

எந்தக் கருவியாக இருந்தாலும் ஐந்து ஷாட் சுட்டுத் தீர்ப்பு எழுதும் பழக்கத்தை விட வேண்டும். ஐந்து ஷாட்டில் திட்ட விலக்கம் 3 மீட்டர் என்று வந்தால், உண்மையான மதிப்பு 1.8இலிருந்து 8.6 வரை எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம். இது 95 சதவீத நம்பிக்கையோடு புள்ளியியல் தரும் எல்லை. பத்து ஷாட் சுட்டால் 2.1 முதல் 5.5 வரை என்று சுருங்கும். முப்பது ஷாட் சுட்டால் 2.4 முதல் 4 வரை. இந்தப் பெட்டி 3, அந்தப் பெட்டி 4, ஆகவே இதுதான் சிறந்தது என்று ஐந்து ஷாட்டை வைத்துச் சொல்வதற்கு எந்த அடிப்படையும் இல்லை. கூடிய வேகத்துக்கும் குறைந்த வேகத்துக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் பார்ப்பது இன்னும் மோசம். ஷாட் எண்ணிக்கை கூடக் கூட அது பெருகிக்கொண்டே போகும். ஐந்து சுட்டவரின் வித்தியாசத்தையும் இருபது சுட்டவரின் வித்தியாசத்தையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடவே கூடாது. விலையுயர்ந்த ரேடார் வைத்திருப்பவரும் இங்கே தப்ப முடியாது. கருவியின் பிழையைப் பணம் கொடுத்துக் குறைத்துவிடலாம். ஷாட் எண்ணிக்கை போதாததால் வரும் பிழையைத் தோட்டா செலவழித்துத்தான் குறைக்க முடியும்.

சங்கங்களுக்கு ஒரு வேண்டுகோள். ஆளுக்கொரு மலிவான கருவி வாங்குவதைவிட, உறுப்பினர்கள் சேர்ந்து நல்ல ரேடார் ஒன்றை வாங்கிப் பொதுவில் வையுங்கள். தொலைவு வாரியான வேகம் தேவைப்படுவோர் இருந்தால் அந்த வசதி உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். ஏர் ரைஃபிள் பிள்ளைகள் அதிகம் என்றால், சத்தமின்றியே விழித்துக்கொள்ளும் கருவியைத் தேர்ந்தெடுங்கள். பழைய ஒளித்திரைக் கருவி கையிலிருந்தால் தூக்கி எறிய வேண்டாம். ரேடாரோடு சேர்த்து ஒரே ஷாட்டை இரண்டிலும் அளந்து, அது எவ்வளவு கூட்டிக் குறைத்துக் காட்டுகிறது என்று எழுதி அதன்மேலேயே ஒட்டிவையுங்கள். தேதி, வெப்பநிலை, தோட்டாவின் லாட் எண், பெல்லட்டின் எடை, அளந்த தொலைவு, ஷாட் எண்ணிக்கை ஆகிய ஆறும் இல்லாத வேக எண் எதையும் சங்கத்தின் பதிவேட்டில் ஏற்றாதீர்கள்.